கட்டிலருகே ஒரு கதிரை

லண்டனின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றினுள் முதன்முதலாக நுழையும் எம்மவர் ஒருவருக்கு அது ஆஸ்பத்திரி என்றே தோன்றுவதில்லை. வாசலிலேயே கோப்பிக்கடை. அதை அடுத்துப் பூங்கொத்தும் வாழ்த்துமட்டையும் பத்திரிகையும் விற்கிற கடை. சுவரிலே காசெடுக்கும் இயந்திரம். எந்தப் பகுதிக்கு எந்தப் பக்கம் போவது என்று காட்டும் பலகைகள்; அவற்றுக்கிடையில் 'பிரார்த்தனை அறை' என்று ஒரு சிறிய அம்புக்குறி. வெளியே கார் தரிப்பிடத்தில் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று அறிவித்துக்கொண்டு இன்னோர் இயந்திரம். எமக்குப் பழக்கமான டெற்றோல் மணத்தைத் தேடி இரண்டு மாடி ஏறவேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நிர்வாகம் வைத்திருக்கும் பெயர் 'வசதிகள்'. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. வசதி என்றால் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும் என்பது பொருள். சத்திரசிகிச்சையை யாரும் வசதி என்பதில்லை. மருந்தை வசதி என்பதில்லை. பார்க்க வந்தவர் இருக்க ஒரு கதிரை, அவருக்கு ஒரு தேநீர், மொழி தெரியாதவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர், தூரத்திலிருந்து வந்த தாய் இரவு தலைசாய்க்க ஒரு மூலை, இவைதான் வசதிகள். பணம் குறையும்போது முதலில் கத்தி விழுவதும் இவற்றின்மீதுதான்.

கத்தி வைப்பவரிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. புற்றுநோயை வேளைக்குக் கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்றா, இருபது கட்டிலுக்கு இருபது கதிரையா என்று ஒருவர் கேட்டால், கதிரை என்று சொல்ல எமக்கு நா எழாது. உயிரைக் காப்பது முதலில், உபசாரம் பிறகு. இந்த வாதத்தை நாம் பலகாலமாக மறுப்பின்றி ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறோம். அண்மைக்காலமாக எமக்கு அதில் ஐயம் வந்திருக்கிறது. நோயாளியின் பக்கத்தில் ஒருவர் இருப்பது மருத்துவத்துக்குப் புறம்பான உபசாரமா, அல்லது மருத்துவத்தின் ஒரு பகுதியா? பகுதிதான் என்றால், அந்த ஒருவரைக் கொண்டுவந்து இருத்தும் கடமை யாருடையது? இதுவே எமது கேள்வி.

*

வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நாலு கூறாகப் பிரிக்கிறார். நோயுற்றவன் ஒன்று, வைத்தியன் ஒன்று, மருந்து ஒன்று. நாலாவதாக அவர் சொல்வது நோயாளியின் பக்கத்தில் நின்று பணிசெய்பவனை. ஆயுர்வேதமும் இதே நாலைத்தான் சொல்கிறது. எமது கவனத்தை ஈர்ப்பது, இந்த நாலாவது ஆளை வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்திலோ சுற்றந்தழால் அதிகாரத்திலோ வைக்கவில்லை என்பது. மருந்துக்குப் பக்கத்தில், அதே வரிசையில் வைத்திருக்கிறார். மூன்று கூறு இருந்து நாலாவது இல்லையென்றால் மருத்துவம் குறைப்பட்டது என்றுதான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊரில் எமக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை. ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டில் எழும் முதற்கேள்வி 'என்ன வருத்தம்' என்பதல்ல, 'ஆர் நிக்கிறது' என்பதுதான். 'ஆஸ்பத்திரியிலை நிக்கிறது' என்ற சொற்றொடருக்கு எங்கள் பேச்சில் தனிப்பொருள் உண்டு. அது ஒரு தொழில், ஒரு முறை, ஒரு கடன். மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு மணியடிக்க, கேற்றுக்கு வெளியே நின்ற சனம் உள்ளே பாயும். ரிபன்கரியரில் சோறு, சுடுதண்ணிப் போத்தலில் மல்லித்தண்ணி, பையில் தோடம்பழமும் நெஸ்ரமோல்ட் பேணியும். வாட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுத்த தாய்மாரும் மனைவிமாரும் தங்கள் நோயாளியை மட்டுமா பார்த்தார்கள்? பக்கத்துக் கட்டிலின் சேலைன் முடிகிறது என்று நேர்சைக் கூப்பிட்டதும் அவர்கள்தான்.

ஆனால் புலம்பெயர்ந்தவருக்கு ஊரைப் பற்றிய ஒரு நோய் இருக்கிறது. விட்டுவந்ததெல்லாம் பொன்னாகத் தெரியும். ஆகவே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த விறாந்தையில் பாய் விரித்தவர்களில் ஆண்கள் எத்தனைபேர்? நாலாவது கூறு என்று நாம் பெருமைப்படுவது பெரும்பாலும் பெண்களுடைய கூலியில்லா உழைப்பு. தாய்க்கு வருத்தம் என்று பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, பிறகு திரும்பிப் போகாமலே விட்ட பெண்பிள்ளைகளை எமக்குத் தெரியும். ஒருவரும் இல்லாமல் வந்து படுத்தவனின் கதை இன்னொன்று. பக்கத்தில் ஆள் இல்லாதவனுக்கு ஆஸ்பத்திரிச் சோறு கிடைக்கும். அதைத் தீத்திவிட ஆள் கிடைக்காது. ஒரு 'பெட்பான்' வருவதற்குக்கூட ஊழியரின் கைக்குள் ஏதாவது வைக்கவேண்டியிருந்த வாட்டுகளும் இருந்தன. உறவை மட்டும் நம்பிக் கட்டிய ஏற்பாடு உறவில்லாதவனைக் கைவிட்டுவிடும். இது எமது ஊரின் பிழை.

*

இங்கிலாந்து இந்தப் பிழையைத் திருத்த முயன்ற நாடு. 1948 யூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, கையில் காசிருந்தாலும் இல்லாவிட்டாலும், சுற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருவனுக்கு ஒரே சிகிச்சை என்பது சட்டமாயிற்று. ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் படுக்கை மாற்றுவதும் ஆஸ்பத்திரியின் வேலை. எமது விறாந்தைப் பெண்களின் சுமையை இங்கே சீருடை அணிந்த, சம்பளம் பெறும் தாதிமார் ஏற்றுக்கொண்டார்கள். இது மனித நாகரிகத்தின் ஒரு பெரிய எட்டு. இதைக் குறைத்துச் சொல்ல எமக்கு உரிமையில்லை. எம்மில் எத்தனையோ பேர் அந்தக் கைகளால் பிழைத்திருக்கிறோம்.

ஆனால் சுமையை ஏற்ற கையோடு, சுமந்தவரையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். அக்கால வாட்டுகளில் பார்க்க வருபவர் ஒழுங்கைக் குலைப்பவர், கிருமி கொண்டுவருபவர் என்றே கருதப்பட்டார். இது மிகக் கொடுமையாக விடிந்தது குழந்தைகளின் வாட்டில். பெற்றோர் வாரத்தில் சில மணித்தியாலமே வரலாம் என்ற விதி பல இடங்களில் இருந்தது. அதற்கு ஒரு காரணமும் சொல்லப்பட்டது: தாய் வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் அமைதியாகிவிடுகிறது, ஆகவே வராமலிருப்பதே பிள்ளைக்கு நல்லது.

ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர் லண்டன் ரவிஸ்ரொக் மருத்துவமனையில் சமூகப்பணியாளராக இருந்தவர். அந்த அமைதியை அவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்த இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றைப் பின்தொடர்ந்து 1952இல் ஒரு படம் எடுத்தார். அதில் குழந்தை பெரிதாக அலறுவதில்லை. முகத்தை அடக்கிக்கொள்கிறது. கரடிப்பொம்மையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வந்த தாயிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பிள்ளை முதலில் எதிர்க்கிறது, பிறகு நம்பிக்கை இழக்கிறது, அதன்பின் பற்றை அறுத்துக்கொள்கிறது என்பது றொபேட்சன் கண்ட ஒழுங்கு. தாதிமார் 'பழகிவிட்டது' என்று சொன்ன நிலை உண்மையில் கைவிட்ட நிலை. படத்தைப் பார்த்த வைத்தியர் பலர் முதலில் கோபப்பட்டார்கள். ஆனால் 1959இல் வெளிவந்த பிளாற் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறுகுழந்தையுடன் தாய் தங்க இடம் வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரப் பெற்றோரே சங்கம் அமைத்துப் பல ஆண்டு போராடவேண்டியிருந்தது. இன்று பிள்ளைகள் வாட்டில் கட்டிலோடு தாய்க்கு ஒரு மடக்குக்கட்டில் இருப்பதை நாம் சாதாரண வசதியாகக் கண்டு கடந்துபோகிறோம்.

இந்த வரலாற்றில் எமக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. நோயாளி சத்தம்போடவில்லை என்பதை நோயாளிக்குக் குறையில்லை என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு இலகு!

*

எம்மவர் சத்தம்போடாத நோயாளிகள். டொக்டர் என்ன சொன்னாலும் 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டுவதில் எம்மை மிஞ்ச ஆளில்லை. விளங்கவில்லை என்று சொல்வது வெட்கம். இன்னொருதரம் கேட்பது அவரின் நேரத்தை வீணாக்குவது. ஆகவே எமது முதியவர்கள் வாட்டில் நல்ல பெயர் எடுக்கிறார்கள். தொந்தரவில்லாத கிழவி.

எமக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். இருபத்தைந்து ஆண்டுக்கு முந்திய கதை. தாய்க்கு நாரியில் நோ. கூடப்போனது பதினொரு வயது மகள். தகப்பன் வேலைக்குப் போகவேண்டும். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தது அவளுக்குத்தான். டொக்டர் கேட்டார்: பூச்சியத்திலிருந்து பத்துவரை எண்ணினால் நோவு எத்தனை? மகள் தமிழில் கேட்டாள். தாய் சொன்னாள்: "நாரியிலையிருந்து ஒரு உளைவு பிள்ளை. பிறகு குத்தும். இரவிலை எரிவு. காலெல்லாம் விறைக்குது. எண்டாலும் தாங்கலாம் எண்டு சொல்லு."

நோவு, உளைவு, குத்து, எரிவு, விறைப்பு. ஒவ்வொன்றும் வேறு வேறு. ஒரு நல்ல வைத்தியருக்கு அந்த ஐந்து சொல்லும் ஐந்து வழிகாட்டிப் பலகைகள். பிள்ளைக்கு அவற்றின் ஆங்கிலம் தெரியாது. அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். தாங்கலாம் என்றால் எத்தனை? பள்ளிக்கூடத்தில் பத்துக்கு ஐந்து என்றால் பாசுமில்லை, பெயிலுமில்லை. "பைவ்" என்றாள். டொக்டர் எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பல மாதங்களுக்குப் பிறகுதான் அது எலும்புக்குப் பரவிய புற்றுநோய் என்று தெரிந்தது.

முன்னரே கண்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திராது என்று வைத்தியர்கள் அந்த மகளுக்குப் பின்னாளில் சொன்னார்கள். இருக்கலாம். அவளுக்கு இப்போது முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். எம்மிடம் ஒருநாள் சொன்னாள்: "அந்த அஞ்சு அம்மா சொன்னதில்லை. நான் போட்ட மார்க்ஸ்."

நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைக்கவேண்டும், பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்கக் கூடாது என்று பிரித்தானிய சுகாதார சேவையின் வழிகாட்டல்கள் இன்று தெளிவாகச் சொல்கின்றன. தொலைபேசி வழியாகவும் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார். ஆயினும் முன்கூட்டிப் பதிவுசெய்ய வேண்டும், நேரம் போதாது, 'மகள் வந்திருக்கிறாதானே' என்று வழக்கம் தொடரும் இடங்கள் இல்லாமலில்லை. எமது பக்கத்திலும் பிழையுண்டு. வெளியாள் தமிழர் ஒருவர் எங்கள் வருத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பதா, நாளைக்கு ஊரெல்லாம் கதை போகுமே என்று நாமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். மொழிபெயர்ப்பாளரை ஒரு வசதி என்று ஆஸ்பத்திரியும் நினைக்கிறது, நாமும் நினைக்கிறோம். ஒரு பிள்ளை தன் வாழ்நாள் முழுவதும் சுமக்கப்போகும் ஓர் எண்ணை அவள் வாயில் வைத்தது அந்த நினைப்புத்தான்.

நூற்றெழுபது ஆண்டுக்கு முன் இதை விளங்கிக்கொண்ட ஒருவர் எமது ஊரிலேயே இருந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, தாம் தமிழ் படித்து, மேலைமருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் படிப்பித்தார். மதம் பரப்ப வந்தவர் என்பது உண்மை. நோயாளியின் மொழி மருத்துவத்துக்குள்ளே இருக்கவேண்டியது என்று அவர் கண்டதும் உண்மை.

*

முதலில் நாம் விட்டுவந்த வாதத்துக்கு இப்போது திரும்பலாம். பற்றாக்குறை என்று வந்தால் உயிர் முதலில், பக்கத்திலிருப்பவர் பிறகு என்பது அந்த வாதம். பற்றாக்குறையின் எல்லையை எம்மவர் கண்ட இடம் ஒன்றுண்டு. 2009 பெப்ரவரி முதல் மே வரை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரையும் நோயாளரையும் கப்பலில் ஏற்றி, முதலில் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுசென்றது. மொத்தம் 13,000க்கும் மேற்பட்டவர்கள். அந்தத் தொகை காயக்காரரின் தொகை மட்டுமல்ல. உடன் சென்ற உறவினரும் அதற்குள் அடக்கம். ஒவ்வோர் இடமும் ஓர் உயிராக இருந்த கப்பலிலும், காலிழந்த பிள்ளையோடு தாய்க்கு ஓர் இடம் கொடுக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்னொரு காயக்காரரை ஏற்றியிருக்கலாமே என்று கணக்குப் பார்க்கலாம். அந்தக் கணக்கை எம்மால் அலட்சியம் செய்ய முடியாது; கரையில் விடப்பட்டவர்கள் எமது சொந்தங்கள். ஆனாலும் தனியே அனுப்பப்படும் காயக்காரப் பிள்ளை பாதிதான் காப்பாற்றப்பட்ட பிள்ளை என்பதை அங்கு நின்றவர்கள் அறிந்திருந்தார்கள். இடமே இல்லாத இடத்திலும் நாலாவது கூறுக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

அப்படியானால், செல்வம் நிறைந்த நாட்டின் ஆஸ்பத்திரியில் ஒரு கதிரைக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கும் இடமில்லை என்பது பற்றாக்குறையின் பேச்சாக இருக்கமுடியாது. எதை மருத்துவம் என்று எண்ணுகிறோம், எதை எண்ணாமல் விடுகிறோம் என்பதன் பேச்சு அது.

மருத்துவம் என்று எண்ணாமல் விட்டதை வியாபாரம் எடுத்துக்கொள்கிறது. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் முற்பகுதியில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்குக் கட்டில் தொலைக்காட்சியும் தொலைபேசியும் பூட்டினார்கள். தனியார் கம்பெனிகள் தம் செலவில் பூட்டி, நோயாளியிடமும் உறவினரிடமும் அறவிட்டன. வெளியிலிருந்து அழைப்பவர் நிமிடத்துக்கு 49 பென்ஸ் வரை கொடுக்கவேண்டியிருந்தது. அக்காலத்தில் கொழும்புக்குப் பேசும் காசைவிட, மூன்று மைல் தூரத்தில் கட்டிலில் கிடக்கும் அப்பாவோடு பேசும் காசு அதிகமாயிருந்தது. கார் தரிப்புக் கட்டணமும் அப்படியே. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் அது 2008இல் நீக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் இன்னும் உண்டு. அடிக்கடி வரும் நோயாளர், இரவு தங்கும் நோயாளிப் பிள்ளைகளின் பெற்றோர் முதலானோருக்கு விலக்கு அளிப்பதாக 2019இன் இறுதியில் அரசு அறிவித்தது. விலக்குக் கொடுத்தது நல்லது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலைமை மற்றவர்களுக்கு இன்னும் இருக்கிறது.

வியாபாரத்துக்கு முன்னர் இந்த இடத்தில் தருமம் இருந்தது. அதற்கும் இரண்டு முகம். 1895இல் லண்டன் றோயல் பிறீ ஆஸ்பத்திரியில் மேரி ஸ்ருவேட் என்ற பெண் 'அல்மனர்' என்ற பதவிக்கு அமர்த்தப்பட்டார். வசதியுள்ளவர்கள் ஏழைகளின் இலவச வைத்தியத்தைத் தட்டிப்பறிக்கிறார்களா என்று விசாரிப்பது அவருக்கு இட்ட வேலைகளில் முதன்மையானது. ஆனால் வரிசையில் நின்றவர்களை விசாரிக்க விசாரிக்க, மருந்தோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பப்படுபவர்களின் பசியும் தனிமையும் வெளியே வந்தன. காவற்காரியாக வைக்கப்பட்ட பதவி மெல்ல மெல்லத் துணையாளின் பதவியாக மாறியது. இன்றைய ஆஸ்பத்திரிச் சமூகப்பணியாளர்கள் அந்த வழியில் வந்தவர்கள்.

ஐம்பது ஆண்டுக்குப் பின் அதே அல்மனர் வேலையில் இருந்தவர் சிசிலி சோண்டர்ஸ். 1948இன் தொடக்கத்தில் லண்டனில் டேவிட் ரஸ்மா என்ற போலந்து யூதர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். வார்சோவிலிருந்து வந்த அகதி. உணவுவிடுதியில் வேலை செய்தவர். நாற்பது வயது. உறவென்று பக்கத்தில் யாருமில்லை. சோண்டர்ஸ் அவர் கட்டிலருகே போய் இருந்து பேசினார். இறப்பவருக்கு என்ன வேண்டும் என்பதை இருவருமாகப் பேசிப்பேசி ஒரு விடுதியைக் கற்பனை செய்தார்கள். ரஸ்மா தன்னிடமிருந்த 500 பவுணை அவருக்கு எழுதிவைத்தார். அந்த விடுதியில் தான் ஒரு யன்னலாக இருக்கவேண்டும் என்று சொன்னாராம். சோண்டர்ஸ் அதன்பிறகு படித்து வைத்தியரானார். 1967இல் தென்லண்டனில் புனித கிறிஸ்தோபர் விடுதியைத் திறந்தார். நோவைத் தணிப்பதையும் பக்கத்தில் இருப்பதையும் ஒரே மருத்துவமாகக் கொண்ட இல்லங்கள் இன்று உலகெங்கும் உள்ளன. அவற்றின் வேரில் கிடப்பது ஓர் அகதியின் 500 பவுண்.

எமது ஊர்ப்பாதைகளில் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். வைத்தியம் தோற்ற இடத்திலிருந்து எழுந்த கல். தோளுயரத்தில் நிற்கும், தலைச்சுமையோடு வருபவர் இன்னொருவர் கைகொடுக்காமலே இறக்கிவைத்து மூச்சுவிடலாம். யார், எவர் என்று கல் கேட்காது, காசும் வாங்காது. ரஸ்மாவின் யன்னலும் அந்த இனத்துக் கல்தான்.

*

இவ்வளவும் மற்றவர்களைப் பற்றிய பேச்சு. எம்மைப் பற்றி ஒன்று சொல்லாமல் இதை முடிப்பது நேர்மையாகாது.

எம்மில் ஒருவர் படுத்தால் கட்டிலைச் சுற்றிப் பத்துப்பேர் நிற்கிறோம். இரண்டுபேர் மட்டும் என்ற விதியை மீறி, சோறும் சொதியும் கொண்டுபோய், தாதிமாரிடம் பேச்சு வாங்குகிறோம். அதில் அன்பு உண்டு. கணக்கும் உண்டு. யார் வந்தது, யார் வரவில்லை என்ற இடாப்பு எங்கள் குடும்பங்களில் கலியாண மொய்க்கொப்பியைவிடக் கவனமாக வைக்கப்படுகிறது. அந்த இடாப்பில் பெயரில்லாதவர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

எமது நண்பர் ஒருவர், பெற்றோல் நிலையத்தில் இரவுவேலை செய்தவர். மூன்று சகோதரிகளைக் கரைசேர்த்தவர். தான் கலியாணம் செய்யவில்லை. விசா கிடைக்கப் பதின்மூன்று வருடம் காத்திருந்தார். கிடைத்த இரண்டாம் வருடம் படுத்தார். நாம் நாலுபேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பார்க்கப் போனோம். தாதி எங்கிருந்தோ கதிரைகளை எடுத்துவந்து தந்தார். ஒரு மணித்தியாலத்துக்குத்தான் கார் தரிப்புக்குக் காசு போட்டிருந்தோம். எழும்பும்போது அவர் கேட்டார்: "மற்றக் கிழமையும் வருவியளோ?" கட்டாயம் என்றோம். பிறகு இன்னொன்று கேட்டார்: "நேர்சிட்டைச் சொல்லுங்கோ, கதிரையெல்லாத்தையும் எடுக்கவேண்டாம், ஒண்டை விட்டிட்டுப் போகச்சொல்லி."

ஏன் என்று கேட்டோம். "ஆரோ வரப்போகினம் எண்டு இருக்கும்," என்றார்.

மற்றக் கிழமை நாம் போகவில்லை. அதற்கடுத்த கிழமையும் போகவில்லை. வேலை, பிள்ளைகளின் ரியூசன், பனி. அவர் வாட்டில் கிடந்தது நாற்பது நாட்கள். அவருடைய செத்தவீட்டுக்கு இருநூறு பேர் வந்தார்கள். மண்டபத்தில் இடம் போதாமல் வெளியே நின்றோம். 'கண்ணீர் அஞ்சலி' மூன்று நண்பர்குழுக்களின் பெயரில் வந்தது. ஒன்றில் எமது பெயர்களும் இருந்தன. சுடலையில் கார் விடக் காசில்லை.

2020இல் கொரோனா வந்து ஆஸ்பத்திரிக் கதவுகள் உறவினருக்கு மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியின் கண்ணாடியில் தகப்பனுக்கு விடைகொடுத்தவர்கள் எம்மிடையேயும் பலர். பக்கத்தில் ஆளில்லாமல் சாவது என்ன என்று எல்லோரும் அப்போது பேசினோம், எழுதினோம். எமது நண்பர் அதை எந்தத் தொற்றும் இல்லாத காலத்தில், கதவு திறந்திருந்த வாட்டில் அனுபவித்துவிட்டார்.

ஆகவே கடமை யாருடையது என்ற கேள்விக்கு எமக்குக் கிடைக்கும் விடை இரண்டாகப் பிரிகிறது. கதிரை, மொழி, நேரம், தங்க ஒரு மூலை, இவை ஆஸ்பத்திரியின் கடன். கருணையாகவோ விலைக்கோ தரவேண்டியவையல்ல. மருந்தைத் தருவதுபோலத் தரவேண்டியவை. அவற்றைக் கேட்டுப்பெற எமக்கு உரிமையுண்டு. கேட்காமல் 'யெஸ், யெஸ்' என்று வருவது பணிவல்ல, பக்கத்துக் கட்டிலுக்குச் செய்யும் துரோகம். ஆனால் கதிரையில் இருக்கும் ஆளை எந்தச் சட்டத்தாலும் உற்பத்தி செய்ய முடியாது. அது எமது கடன். உறவு என்பதை இரத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறவரை அதை எம்மால் தீர்க்கவும் முடியாது.

இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் நெருங்கிய உறவினர் பெயருக்கு ஓர் இடம் விட்டிருப்பார்கள். அங்கே இரத்த உறவைத்தான் எழுதவேண்டும் என்று இல்லை. நண்பரை எழுதலாம், அயலவரை எழுதலாம், நோயாளி விரும்பிய எவரையும் எழுதலாம். எமது நண்பரின் பொருட்களை வாங்கிவரப் போனபோது தாதி சொல்லித்தான் இது எமக்குத் தெரியும். அவருடைய படிவத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.